சாவியைக் கொடுத்துவிட்டுச் சொன்ன சேதி

நான் வேலை பார்த்த கம்பெனியில் இப்போது ஒரு புது ஏற்பாடு வந்திருக்கிறது. வாடிக்கையாளர் எந்த நேரத்தில் எந்தக் குறையை எழுதினாலும் திரையில் உடனே பதில் வருகிறது. எழுதுவது ஆள் இல்லை, மென்பொருள். மகள் கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்கப் பெரம்பலூர் ஆபீசுக்குப் போனபோது, சப்போர்ட் மேசையில் இருக்கும் பிள்ளைகள் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

"அக்கா, பதில் சொல்ல அது வந்துருச்சு. அப்ப நாங்க என்ன செய்யறது? நீங்க இத்தன வருசம் என்னதான் செஞ்சீங்கன்னு எழுதிக் குடுங்களேன்" என்றாள் ஒருத்தி.

அந்த மென்பொருளிடம் நானும் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தேன். பிரிண்டர் ஏன் நின்றுவிட்டது என்பதற்கு நான் சொல்லக்கூடியதையே என்னைவிட வேகமாகச் சொன்னது. அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் வேலையில் பதில் சொல்வது ஒரு பங்குதான். மீதி என்ன என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். அரியலூர் ஆஸ்பத்திரி விஷயம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. அதற்கு முன்னால் ஹமீது சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் குன்னம் பக்கத்துப் பெண். டைப்ரைட்டிங் முடித்து, கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்து, பெரம்பலூரில் ஒரு சென்டரில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வளைகுடா நாட்டில் ஒரு பெரிய கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஹமீது சார், கடைகள், பள்ளிகள், ஆஸ்பத்திரிகளுக்கு கம்ப்யூட்டர் போட்டு, மென்பொருள் கொடுத்து, அதைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். போன் எடுக்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். போன் எடுப்பது என்ன பெரிய வேலை என்று நினைத்துக்கொண்டுதான் சேர்ந்தேன்.

அதை அவர் ஒரு சடங்கு மாதிரி வைத்திருந்தார். பேசுகிறவர் முடிக்கிற வரை குறுக்கே பேசக் கூடாது. அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும். குன்னத்து மக்காச்சோள வியாபாரி ஒருவர், "கம்ப்யூட்டரு முக்குது, முனகுது, எந்திரிக்க மாட்டேங்குதும்மா" என்றார். நான் 'சிஸ்டம் ஸ்லோ' என்று எழுதினேன். சார் அதைப் பார்த்துவிட்டு, "அவரு அப்படியாம்மா சொன்னாரு?" என்று கேட்டார். சொன்னதைச் சொன்னேன்.

"முனகுதுன்னா சத்தம் வருது. நீ ஸ்லோன்னு எழுதிட்டா நம்ம செந்தில் சாப்ட்வேர நோண்டிக்கிட்டு உக்காந்திருப்பான்."

போய்ப் பார்த்தால், உள்ளே இருக்கும் சின்ன விசிறியில் மக்காச்சோளத் தூசி அப்பிக் கிடந்தது.

எழுதியதை அவரிடமே திரும்பச் சொல்லி, "சரிங்களா?" என்று கேட்க வேண்டும். ஆபீசில் இருந்தபடியே அவர் கம்ப்யூட்டருக்குள் நுழைவதானால் அனுமதி கேட்டு, "இப்ப அம்புக்குறிய நான்தான் நகத்தறேன், பயந்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும். சரியான பிறகு நாம் செய்து காட்டக் கூடாது; அவரையே ஒரு பில் போட வைத்துப் பார்க்க வேண்டும். மறுநாள் நாமாக ஒரு போன். அந்த மறுநாள் போனில்தான் ஆட்கள் உண்மையைச் சொல்வார்கள். "சரியாத்தாங்க இருக்கு, ஆனா..." என்று இழுப்பார்கள். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் வருவதில்தான் எனக்கு அடுத்த வேலை இருக்கும்.

சிறுவாச்சூரில் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு ஓட்டல் எங்கள் வாடிக்கை. அங்கே காளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறப்பார்கள். அந்த நாட்களில் ஓட்டலில் நிற்க இடம் இருக்காது. எங்கள் என்ஜினியர் செந்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பில் போடும் மென்பொருளுக்குப் புதுப் பதிப்பை ஏற்றிவிட்டான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பில் அச்சாகாமல் நின்றுபோனது. ஓட்டல் முதலாளி போனில் கத்திய கத்தல் அடுத்த அறை வரை கேட்டது.

சார் போனில் காரணம் எதுவும் சொல்லவில்லை. "வந்துக்கிட்டே இருக்கோங்க" என்றவர், எங்கள் இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார். செந்தில் கம்ப்யூட்டரைப் பார்க்க, நானும் சாரும் கல்லாவில் நின்று கையால் பில் எழுதினோம். சாப்பிட்டு எழுந்தவர்கள் சாரை ஓட்டல்காரர் என்றே நினைத்து, சாம்பாரில் உப்பு கூட என்று சொல்லிவிட்டுப் போனார்கள். "சமையக்கட்டுல சொல்லிடறேங்க" என்று ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார்.

கூட்டம் வடிந்ததும் முதலாளி மறுபடி கத்த வந்தார். "ஆமாங்க, எங்க தப்புதான். வெள்ளிக்கிழமையில கை வச்சிருக்கக் கூடாது" என்றார் சார். கத்துவதற்கு அதற்கு மேல் ஒன்றும் இல்லாமல் போயிற்று. முதலாளியே எங்களுக்கும் இலை போடச் சொன்னார். திரும்பி வரும்போது சார் செந்திலைத் திட்டவில்லை. "மலரு, ஒவ்வொரு வாடிக்கைக்கும் எந்த நாளு கூட்டம்னு கேட்டு வையிம்மா" என்றார். பருத்தி வியாபாரிக்கு அறுவடைக் காலம், பள்ளிக்கு அட்மிஷன் மாதம், ஜவுளிக் கடைக்குத் தீபாவளி, ரம்ஜான். அதெல்லாம் எனக்கு அன்றிலிருந்து மனப்பாடம்.

இப்போது ஆஸ்பத்திரிக்கு வருகிறேன்.

அரியலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். ஒரு டாக்டரம்மா சிறியதாகத் தொடங்கிப் பெரியதாக வளர்த்தது. எங்கள் வாடிக்கைகளிலேயே பெரியது அதுதான். அங்கே நர்சுகளுக்குத் தலைமையாக இருந்தவர் ராணி சிஸ்டர். எனக்கும் அவருக்கும் பழக்கம் முழுக்கப் போனில்தான் வளர்ந்தது.

நோயாளிக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று குறிக்க எங்கள் மென்பொருளில் ஓரிடம் இருந்தது. ஆனால் அதில் பட்டியலில் உள்ள மருந்துப் பெயரைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ராணி சிஸ்டர் ஒருநாள் கூப்பிட்டார்.

"மலரு, இங்க வர்றவங்களுக்கு மருந்து பேரெல்லாம் தெரியாதுப்பா. செவப்பு மாத்திர தின்னா ஒடம்பு தடிக்குதுங்கறாங்க. இத நான் எங்க எழுதறது?"

முகவரிப் பக்கத்தின் அடியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் சும்மா கிடந்தது. அங்கே எழுதச் சொன்னேன். அதில் எழுதுவது, நோயாளியின் பக்கத்தைத் திறந்த உடனே மேலே சிவப்பில் தெரியும்படி செந்திலை வைத்து மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எல்லா நர்சுகளும் அங்கேதான் எழுதினார்கள். அந்தக் கட்டத்தில் வேறு சங்கதிகளும் சேர்ந்தன. 'மகன் துபாயில், மருமகளுக்குப் போன் செய்யவும்', 'காது கேட்காது, சத்தமாகக் கூப்பிடவும்' என்றெல்லாம் எழுதினார்கள்.

சில வருடம் கழித்து டாக்டரம்மாவின் மருமகன் பிரபாகர் நிர்வாகத்துக்கு வந்தார். படித்தவர், சுறுசுறுப்பானவர். சென்னைக் கம்பெனி ஒன்றின் மென்பொருளைப் பார்த்துவிட்டு, அதற்கு மாறப்போவதாக எங்களுக்கு முறையாகத் தெரிவித்தார். அதில் ரத்தப் பரிசோதனை மெஷின்களில் இருந்து முடிவு நேராகத் திரைக்கு வரும். ஸ்கேன் படம் டாக்டரின் செல்போனுக்கே போகும். எங்களிடம் அது கிடையாது. ஏழெட்டுப் பேர் இருக்கும் கம்பெனியால் அதைச் செய்யவும் முடியாது.

செந்திலுக்குக் கோபம். "ஒப்பந்தத்துல என்ன இருக்கோ அத மட்டும் குடுப்போம் சார். மிச்சத்த அவங்களே தேடி எடுத்துக்கட்டும்."

எனக்கும் மனசு கனத்துத்தான் கிடந்தது. சார் மட்டும் சாதாரணமாக இருந்தார். "போறவங்களுக்குச் செய்யற வேலைலதான் நாம யாருன்னு தெரியும். எல்லாத்தையும் சுத்தமாக் குடுத்துட்டு வருவோம்" என்றார். ஒப்படைக்கும் பொறுப்பை என்னிடம் விட்டார்.

சென்னைக் கம்பெனியின் சார்பில் திவ்யா என்ற பெண் வந்திருந்தாள். கெட்டிக்காரி. எங்கள் தகவல்களைத் தங்கள் மென்பொருளுக்குள் ஏற்றிவிட்டு, சரியாக வந்திருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னாள். பெயர், வயது, முகவரி, பழைய சிகிச்சை எல்லாம் வந்திருந்தன. குறிப்புக் கட்டம் மட்டும் வரவில்லை.

"அது வேணாம்னு பிரபாகர் சார்தான் சொன்னாருங்க. ஒரே குப்பையா இருக்காம், புதுசுல சுத்தமா ஆரம்பிக்கலாம்னாரு. எழுதியே குடுத்துட்டாரு" என்றாள்.

உடனே பிரபாகருக்குப் போன் செய்து, "சார், உங்க புது சாப்ட்வேர்ல மருந்து ஒத்துக்காத வெவரம் வராதுங்க" என்றேன்.

"நீங்க போறப்ப எதாவது பயமுறுத்துவீங்கன்னு எதிர்பார்த்தேன். மருந்து வெவரத்துக்குத் தனி எடம் இருக்கு, அது வந்துருச்சு. ஒப்படைக்கிற வேலைய மட்டும் பாருங்க" என்று வைத்துவிட்டார். தனி இடம் வந்திருந்தது உண்மை. அது பெரும்பாலும் காலி என்பது அவருக்குத் தெரியாது.

சாரிடம் போய்ச் சொன்னேன். "என்ன வார்த்தைலம்மா சொன்ன?" என்று கேட்டார். சொன்னேன்.

"அவரு காதுல 'உங்க முடிவு தப்பு'ன்னு விழுந்திருக்கும். அதுவும் நாம வேலைய இழக்கறவங்க. நான் அவரு எடத்துல இருந்தாலும் நம்ப மாட்டேன்."

"அப்ப டாக்டரம்மாகிட்ட நேராப் போயிருவோம் சார்" என்றான் செந்தில்.

"அவரத் தாண்டிப் போக வேணாம். மொதல்ல அவருகிட்ட. அவரு கேக்கலன்னா, 'டாக்டரம்மாவப் பாக்கப் போறேன்'னு அவருகிட்டயே சொல்லிட்டுப் போவோம். நோயாளி உயிரு இது, விட்டுட்டு வர முடியாது."

மறுநாள் காலையில் மூவரும் அரியலூர் போனோம். பிரபாகர் எங்களைக் காக்க வைத்தார். நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சார் பக்கத்தில் இருந்த பெரியவரிடம் கரும்பு வெட்டைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போனதும் சார் குறிப்பு விஷயத்தைப் பேசவே இல்லை. பையில் இருந்து ஒட்டிய உறை ஒன்றை எடுத்துப் பிரபாகரின் மேசைமேல் வைத்தார்.

"இதுல எல்லா பாஸ்வேர்டும் இருக்குங்க. சர்வர், நெட்வொர்க், பேக்கப் எல்லாம். மாசக் கடைசில குடுக்கறதா பேச்சு, இப்பவே குடுத்துடறேன். நீங்க இன்னிக்கே எல்லாத்தையும் மாத்திக்கலாம். இனிமே எங்க கையில ஒண்ணும் இல்ல."

பிரபாகர் உறையையும் சாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன் இப்பவே?"

"ஒரு சேதி சொல்லணும். இத வச்சுக்கிட்டுச் சொன்னா, பிடிச்சு வைக்கறதுக்குச் சொல்றாங்கன்னு தோணும். அதான் குடுத்துட்டுச் சொல்றேன். நாங்க எழுதுன சாப்ட்வேர்ல மருந்து வெவரம் எழுத எடம் சரியா அமையல. அதனால உங்க நர்சுங்க வேற எடத்துல எழுதியிருக்காங்க. நான் சொல்றத நீங்க நம்ப வேணாம். ராணி சிஸ்டரக் கூப்பிடுங்க. அவங்களுக்கு நெனவிருக்கிற நோயாளி யாராவது ஒருத்தரு பேரச் சொல்லட்டும். பழசு, புதுசு ரெண்டுலயும் நீங்களே தொறந்து பாருங்க."

ராணி சிஸ்டர் வந்தார். கேள்வியைக் கேட்டதும் யோசிக்கவே இல்லை. "திருமானூர் காத்தாயி. ஒரு ஊசி போட்டதுல மூஞ்சி வீங்கி மூச்சு நின்னு பொழைச்சது. மறக்க முடியுமா?"

பிரபாகர் பழைய திரையில் தேடினார். காத்தாயியின் பக்கம் திறந்ததும் மேலே சிவப்பில் 'பென்சிலின் ஊசி ஆகாது' என்று வந்தது. பிறகு திவ்யாவைக் கூப்பிட்டுப் புதுத் திரையில் தேடச் சொன்னார். அங்கே மருந்து ஒவ்வாமை என்ற இடத்தில் 'எதுவும் இல்லை' என்று அழகாக, பச்சை நிறத்தில் இருந்தது. தகவல் வராவிட்டால் அந்த மென்பொருள் தானாகவே அப்படிப் போட்டுக்கொள்ளும். காலியாக இருந்தாலாவது நர்சு ஒருமுறை கேட்பாள். 'இல்லை' என்று எழுதியிருந்தால் யார் கேட்பார்கள்?

ராணி சிஸ்டர் மெதுவாக, "அய்யோ சாமி" என்றார்.

பிரபாகர் எழுந்து வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றே நினைத்தேன். டாக்டரம்மாவைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்தார். "அத்தை, இத எடுக்க வேண்டாம்னு சொன்னது நான்தான்" என்று எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார். அவரைப் பற்றி நான் வைத்திருந்த எண்ணம் அந்த இடத்தில் மாறியது.

டாக்டரம்மா இரண்டு திரையையும் பார்த்தார். பிறகு, "புதுசு ஒண்ணும் வேண்டாம். ஹமீது, நீங்களே இருங்க" என்றார்.

என் மனசு துள்ளியதை மறைக்க மாட்டேன். செந்தில் என் காலை மிதித்தான். அவ்வளவு பெரிய வாடிக்கை, கையை நீட்டினால் திரும்ப எங்களுடையது. சார் தலையை ஆட்டினார்.

"இல்லம்மா. அவங்களோடது நல்ல சாப்ட்வேருங்க. லேப் மெஷின இணைக்கறதெல்லாம் எங்களால ஆவாது. உங்க ஆஸ்பத்திரி எங்களுக்கு மேல வளந்துருச்சு. தம்பி எடுத்த முடிவு சரிதான். இந்தக் குறிப்பு மட்டும் ஒழுங்காப் போய்ச் சேரணும். அது வரைக்கும் மலரு இங்க இருக்கும். இன்ஷா அல்லாஹ், முடிச்சுக் குடுத்துட்டுப் போறோம்."

வெளியே வந்ததும் செந்தில் சாரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் கேட்டுவிட்டேன். "அவங்களே இருங்கன்னு சொன்னாங்களே சார்?"

"பயத்துல சொன்னதும்மா. பயம் தெளிஞ்சதும் நம்மள என்ன நெனைப்பாங்க?"

புது மென்பொருளுக்கு மாறுவதைத் தள்ளி வைத்தார்கள். நானும் ராணி சிஸ்டரும் திவ்யாவும் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தோம். மெஷினை வைத்துத் தேடி எடுக்கலாம் என்று திவ்யா முதலில் முயன்றாள். முடியவில்லை. நர்சுகள் தமிழை ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு விதமாக அடித்திருந்தார்கள். 'ஊசி ஆவாது' என்பதையே பத்து விதமாக எழுதியிருந்தார்கள். சென்னைப் பெண்ணுக்கு 'ஆவாது' முதலில் பிடிபடவில்லை. "என்ன ஆகாது, குணமாகாதா?" என்று கேட்டு எங்களைச் சிரிக்க வைத்தாள். செவப்பு மாத்திரை எது என்று தெரிய, பழைய சீட்டுகளைப் பார்த்து டாக்டரம்மா சொல்ல வேண்டியிருந்தது. தெரியாதவர்களுக்கு ராணி சிஸ்டர் போன் செய்தார். "ஏங்க, நம்ம வூட்டு அம்மாவுக்கு எந்த மாத்திரைங்க சேரல?" என்று அவர் கேட்ட விதத்தில் எல்லோரும் நின்று பதில் சொன்னார்கள்.

நான் சொல்ல, 'எதுவும் இல்லை' என்று தானாக வருவதையும் திவ்யா தன் கம்பெனியில் பேசி 'விசாரிக்கப்படவில்லை' என்று மாற்ற வைத்தாள். அது எல்லா ஆஸ்பத்திரிக்கும் மாறியதாகப் பிறகு சொன்னாள்.

புது மென்பொருள் ஓடத் தொடங்கிய அன்று எங்களுக்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும் சார் என்னைப் போய் நிற்கச் சொன்னார். நர்சுகள் திரையோடு மல்லுக்கட்டினார்கள். ஒருத்தி, "பழசுல ஒரு தட்டு தட்டுனா வந்துரும், இதுல எங்க போயி ஒளிஞ்சிருக்குன்னே தெரியல" என்று புலம்பினாள். அவள் தேடுவது எது என்று நான் திவ்யாவுக்குச் சொல்ல, அது எங்கே இருக்கிறது என்று திவ்யா அவளுக்குக் காட்டினாள். மதியத்துக்கு மேல் என்னைக் கூப்பிடும் ஆள் குறைந்துபோனது. எல்லோரும் திவ்யாவையே கூப்பிட ஆரம்பித்தார்கள். வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. ராணி சிஸ்டரிடம் சொல்லிக்கொண்டு நாலு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

அதன் பிறகு ரொம்ப நாள் அந்த ஆஸ்பத்திரியில் இருந்து எங்களுக்கு ஒரு வேலையும் வரவில்லை. அந்த வருமானம் போனதில் கம்பெனி தடுமாறத்தான் செய்தது. செந்தில் அவ்வப்போது அதைக் குத்திக் காட்டுவான். சார் மறுத்துப் பேச மாட்டார். பள்ளிகள், கடைகள், மில்கள் என்று சின்னச் சின்ன வாடிக்கையாகப் பிடித்து நிமிர்ந்தோம்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்னால் பிரபாகர் என் போனுக்கே கூப்பிட்டார்.

"மேடம், ஜெயங்கொண்டத்துல கிளை தொடங்கறோம். கம்ப்யூட்டர், கேமரா, நெட்வொர்க் எல்லாம் சேத்து ஒரே கம்பெனிகிட்ட குடுக்கப் போறோம். நீங்களும் சாரும் வந்து பாத்துச் சொல்லணும்."

"அவ்வளவு பெரிய வேல எங்களால எடுக்க முடியாதுங்களே சார்" என்றேன்.

"தெரியும். அதான் உங்களக் கூப்பிடறேன்."

போனோம். கட்டடத்தில் பூச்சு வேலை முடியவில்லை. ஒரு பெரிய கம்பெனியில் இருந்து கோட்டு போட்ட ஒருவர் வந்து, திரையில் படம் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு முழுக்கப் பிரபாகரைப் பார்த்துத்தான். ஓரத்தில் உட்கார்ந்திருந்த எங்களை அவர் கண்டுகொள்ளவில்லை. நான் ஒரு கேள்வி கேட்டபோது, பதிலைக்கூடப் பிரபாகரைப் பார்த்தே சொன்னார். பிறகு கொஞ்சம் சங்கடத்தோடு, "இவங்க யாருன்னு தெரிஞ்சுக்கலாமா சார்?" என்று கேட்டார்.

"எங்க பழைய கம்பெனிக்காரங்க" என்றார் பிரபாகர். "நாங்க வேண்டாம்னு விட்டுட்டு வந்தவங்க. இவங்க சரின்னு சொன்னாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்."

வந்தவர் ஹமீது சாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு லேப்டாப்பை எங்கள் பக்கமாகத் திருப்பி வைத்து, முதலில் இருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தார்.